குருவுக்கு முழுப்பேர், உனக்கு?

வா பேராண்டி. மஞ்சத் துண்டு, கொண்டக்கடல மாலை, எல்லாம் பலமாத்தான் இருக்கு. குருப் பெயர்ச்சிக்கு ஹட்டன் டவுனுக்குக் கெளம்பிட்ட போல. குரு எடம் மாறுனதும் வேலையும் பொண்ணும் லயத்துக்கே தேடி வரும், நீ பாட்டுக்கு இஸ்தோப்புல குந்தியிரு. குரு அப்படிக் குந்தியிருந்தா இன்னைக்கு அவருக்கு மாலை போட ஒரு ஆளு கெடச்சிருக்க மாட்டான்.

சூரியன் பொறந்த புதுசுல அவரச் சுத்தி வாயுவும் தூசியும் தட்டையாச் சுழண்டுக்கிட்டு இருந்துச்சு. அந்த வாயு சில மில்லியன் வருசந்தான் தாக்குப்பிடிக்கும். கொஞ்சத்தச் சூரியனே முழுங்கிருவாரு, மிச்சத்த அவரு வெளிச்சமே வெரட்டிரும். குருவுக்கு இது தெரிஞ்ச மாதிரி, தண்ணி ஒறஞ்சு பனிக்கட்டியாகுற தூரத்துல எடம் புடிச்சாரு. கல்லோட பனிக்கட்டியும் சேர, கரு மளமளன்னு வளந்துச்சு. 10 லட்சம் வருசத்துக்குள்ளயே 20 பூமி எடைக்கு வந்துட்டாருன்னு, விண்கல்லுகளச் சோதிச்சவங்க 2017ல சொன்னாங்க. அதுக்கப்புறம் எடை கூடக் கூட இழுவை கூடி, வாயு தானா வந்து கொட்டுச்சு. இன்னைக்கு ஐயா 318 பூமி எடை!

யுரேனஸும் நெப்டியூனும் தூரத்துல நின்னு மெதுவாப் பொறுக்குனாங்க. கரு தேறுறதுக்குள்ள வாயு தீந்துபோச்சு. நிறுவைக்குக் கிலோ கொறஞ்சா கணக்கப்பிள்ள என்ன செய்வாரு? அரைநாள் சம்பளம், அரைப்பேர்தான். ஒருத்தருக்கு 14.5 பூமி எடை, இன்னொருத்தருக்கு 17, அதோட சரி.

பெயர்ச்சின்னியே, அதுக்கும் ஒரு கத இருக்கு. 2011ல சில ஆராய்ச்சிக்காரங்க போட்ட கணக்குப்படி, சின்ன வயசுல குரு வாயுவோட இழுபட்டு, இப்ப செவ்வாய் நிக்குற எடம் வரைக்கும் உள்ள போயிட்டாரு. பின்னால வந்த சனிதான் அவரத் திரும்ப வெளிய கூட்டிக்கிட்டுப் போனாரு. போற வழியில அங்க கெடந்த கல்லு மண்ணையெல்லாம் குரு காலி பண்ணிட்டதால செவ்வாய் குள்ளமாவே நின்னுட்டாராம். கணக்கு சரியின்னா செவ்வாய்க்குத்தான் குரு தோஷம்! நீ என்னடான்னா செவ்வாய் தோஷமின்னு போன மாசம் ஒரு தங்கமான பிள்ளைய வேணாமின்னுட்ட. அவளுக்கு நல்ல காலம்.

உன் ராசி விருச்சிகந்தானே? அந்தப் பக்கமே ஒரு குட்டி நச்சத்திரம் இருக்கு, ஏறக்குறைய 450 ஒளியாண்டு தூரத்துல. வெறுங்கண்ணுக்கு ஆம்புடாது. நம்ம நாட்டுல பொறந்த ரே ஜயவர்தன இன்னும் ரெண்டு பேரோட, ஹவாயில இருக்குற ஜெமினி தொலைநோக்கியால 2008ல அது பக்கத்துல ஒரு கோளப் படம் புடிச்சாரு. அப்ப போட்ட கணக்குல வயசு சுமார் 50 லட்சம் வருசம், எடை நம்ம குருவப் போல எட்டு மடங்கு. பிறந்த சூடு ஆறல, சுமார் 1500 பாகை செல்சியஸ்ல கொதிக்குது. நம்ம குருவே இன்னும் சுருங்கிக்கிட்டு, வெயில்ல வாங்குறத விடக் கூடுதலா வெப்பத்த வெளிய விடுறாரு, அது கைக்கொழந்ததானே!

பூமிக்கும் சூரியனுக்கும் இருக்குற தூரத்தப் போல 330 மடங்கு தள்ளி நிக்குது அது. அம்புட்டுத் தூரத்துல கல்லப் பொறுக்கிக் கருக் கட்ட காலம் காணாது. வாயுவே மொத்தமாச் சரிஞ்சு உருண்டிருக்கலாமுன்னும் சொல்றாங்க. உடனே கண்ணு மின்னுது பாரு, கொழுந்து பறிக்காமலே தொரையாகலாமுன்னு!

போறதுதான் போற, உனக்குப் பலன் சொல்ற சோசியர்கிட்ட ஒன்னு கேட்டு வா. உன் ராசியில இன்னொரு குரு பொறந்து கொதிச்சுக்கிட்டுக் கெடக்காரே, அவரு பலன எந்தப் பஞ்சாங்கத்துல பாத்தாராம்?