ஐந்து சுற்றும் ஒரு கொடையும்

புராஜெக்ட் மேனேஜர் வேலைக்கான நேர்காணல் ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. குறைந்தது நான்கு சுற்று. ஐந்து, ஆறு என்று நீள்வதும் உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து போய், எழும்பூரில் முகம் கழுவி, நேராகப் போய் நின்ற காலம் ஏறக்குறைய முடிந்தது. இப்போது பெரும்பாலான சுற்றுகள் மடிக்கணினியில் நடக்கின்றன. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாரம். பின்னணியில் குக்கர் விசில்.

முதல் சுற்று ஹெச்.ஆர். தொலைபேசி. கேள்விகள் மூன்றுதான்: இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட். தன் ஊழியர் விலகினால் 90 நாள் இருந்துதான் போக வேண்டும் என்கிற நிறுவனம், அடுத்த நிறுவனத்து ஊழியர் மட்டும் 15 நாளில் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும். இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுபவர் இரண்டாம் சுற்றுக்குப் போவதில்லை.

இரண்டாவது தொழில்நுட்பச் சுற்று. அஜைல், ஸ்க்ரம், ரிஸ்க் ரிஜிஸ்டர் எல்லாம் வரும். பி.எம்.பி. சான்றிதழ் உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சங்கம் 1984 முதல் நடத்திவரும் தேர்வு அது. நான்காண்டுப் பட்டம் இருந்தாலும் மூன்று வருடம் திட்டங்களை நடத்திய அனுபவம் இருந்தால்தான் எழுதவே முடியும். மனப்பாடம் செய்தவருக்கு இந்தச் சுற்று எளிது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது சுற்றில்தான் ஆள் மாட்டிக்கொள்வது. “ஒரு திட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திய அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்பார்கள். நிலைமை, பணி, செயல், பலன் என்ற வரிசையில் பதில் வர வேண்டும். இக்கட்டுரையாளருக்கு அப்படி நடத்திய திட்டம் ஒன்று உண்டு: சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் கொடை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்க வேண்டும். தராத வீட்டுத் திண்ணையில் மூன்று முறை போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வந்த காரியத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசி, கிளம்பும்போது மட்டும் வரியை ஞாபகப்படுத்த வேண்டும். வில்லுப்பாட்டுக்கு முன்பணம், மேளம், பந்தல், ரேடியோ செட், தாமிரபரணியில் தீர்த்தம் எடுக்கப் போகிறவர்களுக்கு வேன். முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வகையறாவும் முறைத்துக்கொண்டு நிற்கும். இருவரிடமும் தனித்தனியே “ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி” என்று சொல்லிவைத்து, கடைசியில் தொண்ணூறு வயதுத் தாத்தா ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைதான். அம்மனிடம் இரண்டு வாரம் தவணை கேட்க முடியாது. மறுநாள் கோயில் வாசலில் வரவுசெலவு வாசிக்க வேண்டும். நூறு ரூபாய் இடித்தாலும் “என்னவே கணக்கு இது?” என்று நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்துக்காரர் “சரி, கார்ப்பரேட் அனுபவம் ஏதாவது?” என்றார். கட்டுரையாளர் மூன்று மாதம் தாமதமான ஒரு மென்பொருள் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். தாமதத்துக்கான காரணங்களை நான்கு வண்ணங்களில் அட்டவணை போட்டதையும் சேர்த்துச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் முகம் மலர்ந்தது.

நான்காவது, குழு நேர்காணல். நான்கைந்து பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் கேமராவை அணைத்திருப்பார், இன்னொருவர் எதற்கும் “எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்பார். இந்த இரண்டாமவருக்குத் தாமிரபரணிச் சீமையில் எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். திருநெல்வேலிக்கு வடக்கே, சங்கரன்கோவில் சாலையில் உள்ள மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வயது சுமார் 1,200 ஆண்டு. ஊர்ச்சபையில் அமரத் தகுதி என்ன என்று அது வரையறுக்கிறது: நிலத்தில் பங்கு, படிப்பு, நல்லொழுக்கம். ஒரே சுற்று. அதோடு நிற்கவில்லை. சபையில் எந்த யோசனை வந்தாலும் “அன்று, அன்று” என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கும் அவருக்கு ஒத்து ஊதுபவருக்கும் ஐந்து காசு தண்டம். அதுவும் மறுத்த ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியாக. எந்த மேலாண்மைப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவான விதி கட்டுரையாளர் கண்ணில் பட்டதில்லை.

ஐந்தாவது சுற்றில் மறுபடி ஹெச்.ஆர்., மறுபடி சம்பளம். “பொண்ணு பாக்க வந்தவகூட இத்தன தடவ கேள்வி கேக்கலையேய்யா” என்று அடுக்களையிலிருந்து அம்மா சொல்வது மைக்கில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “இரண்டு நாளில் சொல்கிறோம்” என்பதோடு சுற்று நிறைவடையும்.

பிறகு அமைதி. திட்டத்தைக் குறித்த நாளில் முடிக்கத் தெரிந்த ஆளைத் தேடும் இந்தத் திட்டத்துக்கு மட்டும் கெடு கிடையாது. பொறுப்பாளர் யார் என்பதும் தெரியாது. ஆறு வாரம் கழித்து, அந்தப் பதவியை நிறுத்தி வைத்திருப்பதாக ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. மூன்று மாதம் கழித்து அதே நிறுவனத்திலிருந்து வேறொரு ஹெச்.ஆர். அழைத்து, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று கேட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை, ஊரில் கொடைக்குக் கால்நாட்டு. இந்த வருடமும் கணக்கு நோட்டு கட்டுரையாளர் கையில்தான். யாரும் நேர்காணல் வைக்கவில்லை.