பல்லை உடைக்கும் மாம்பழக் குச்சி ஐஸ்: எளிய செய்முறை

சித்திரை பிறந்தாயிற்று. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கைப்பேசியில் யாரோ ஒரு பெண்மணி முப்பது விநாடியில் மாம்பழக் குச்சி ஐஸ் செய்து, அலுங்காமல் அச்சிலிருந்து உருவிக் காட்டிவிட்டார். இனி உங்களை யார் தடுத்தாலும் நிற்கப் போவதில்லை. சரி, செய்யுங்கள். ஆனால் கெடுப்பதை ஒழுங்காகக் கெடுங்கள். அரைகுறையாகக் கெட்ட ஐஸை வீட்டில் யாராவது ஒருவர் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவார். முழுதாகக் கெட்டதுதான் அடுத்த கோடை வரைக்கும் பேச்சில் இருக்கும்.

தொடங்கும் முன் கொஞ்சம் பாடம். மாம்பழத்தில் நூற்றுக்கு 83 பங்கு தண்ணீர். பாலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்தத் தண்ணீர் பொடிப்பொடிப் படிகங்களாக உறைந்தால் நாக்கில் வழவழப்பு. பெரிய படிகங்களாக வளர்ந்தால் பல்லில் நறநறப்பு. படிகங்களை வளரவிடாமல் பிடித்து வைப்பவை நான்கு: சர்க்கரை, கொழுப்பு, பால்சத்து, வேகமான குளிர். நான்கையும் ஒவ்வொன்றாக வெளியேற்றுவதுதான் இன்றைய பயிற்சி. பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துவருவதுதான். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. பழத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மல்கோவா, இமாம்பசந்த், பங்கனப்பள்ளி எல்லாம் சதைப்பற்று நிறைந்து நார் குறைந்தவை. அவற்றை நறுக்கித் தட்டில் வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். கூடையின் அடியில், யாரும் தொடாமல், ஒரு பக்கம் காயாகவும் மறுபக்கம் கறுத்தும் ஒரு நார் மாம்பழம் கிடக்கும். அதை எடுங்கள். எடுக்கும்போது "ஐஸுக்குத்தானே, போதும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அரைத்த விழுதை வடிகட்டாதீர்கள். வடிகட்டினால் சத்து போய்விடும் என்று மாமியார் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஐஸ் உருகிப்போன பிறகும் நார் மட்டும் பல்லிடுக்கில் ராத்திரி வரை நிற்கும்.

2. சர்க்கரையைக் குறையுங்கள். இன்னும் குறையுங்கள்.

இங்கேதான் பெரும்பாலான வெற்றிகள் தீர்மானமாகின்றன. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் என்று உலகம் நினைக்கிறது, நினைக்கட்டும். உண்மையில் அது தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. அதனால் ஃப்ரீசருக்குள் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் பாகாகவே தங்கிவிடும். அந்தப் பாகு இருப்பதால்தான் கடித்தால் பல் இறங்குகிறது. ஆகவே சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போதே தாத்தாவின் சுகரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஐஸ் சாப்பிடப் போவதில்லை, பரவாயில்லை, நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கலவையை விரலில் தொட்டு ருசி பாருங்கள். சில்லிட்ட நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் உறைவதற்கு முன்பு ஒரு பிடி கூடுதலாகவே போடுவார்கள். நீங்கள் அப்படியே நிறுத்தி, "இதுவே ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் முன்னேற விரும்புவோர் ஸ்டீவியா சொட்டுகளைப் பயன்படுத்தலாம். நாலு சொட்டில் இனிப்பு வந்துவிடும். ஆனால் உறைநிலையை இறக்க நாலு சொட்டால் ஆகாது. கிடைப்பது இனிப்பான கருங்கல்.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று மனசு கேட்காவிட்டால் எதிர்த்திசையில் போங்கள். சர்க்கரை, கண்டென்ஸ்டு மில்க், தேன் மூன்றையும் தாராளமாக ஊற்றுங்கள். அது சாமானியத்தில் உறையாது. மூன்று நாள் ஃப்ரீசரில் கிடந்தும் ஸ்பூனில் அள்ளும் பதத்திலேயே இருக்கும். இரண்டு ஓரமும் நமக்குச் சம்மதம். நடுவில்தான் ஆபத்து, அங்கே நல்ல ஐஸ் வந்துவிடும்.

3. பாலில் தண்ணீர் சேருங்கள்.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. நீல பாக்கெட்டில் 3. எதை வாங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கியபின் காலையில் காபிக்குப் போக மிஞ்சியதை மட்டும் எடுத்துக்கொண்டு, பாக்கெட்டைக் கழுவிய தண்ணீரையும் அதிலேயே ஊற்றுங்கள்.

எக்காரணம் கொண்டும் பாலைச் சுண்டக் காய்ச்சாதீர்கள். குல்ஃபிக்காரர்கள் அடிகனமான பாத்திரத்தில் பாலை ஊற்றி, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே நின்று, பாதியாக வற்றவைப்பார்கள். தண்ணீர் ஆவியாகப் போய், பால்சத்தும் கொழுப்பும் கெட்டியாக நின்றுவிடும். அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க அவர்களுக்கு சீரியல் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. நிற்க நேரமில்லாதவர்கள் இரண்டு கரண்டி பால் பவுடர் போட்டாலே ஓரளவு அதே பலன் கிடைக்கும் என்ற ரகசியம் உங்களுக்குத் தெரியாததுபோல் இருங்கள்.

ஃப்ரெஷ் கிரீம் வாங்கித்தான் தீருவேன் என்றால் வாங்குங்கள். அந்தச் சின்ன அட்டைப்பெட்டியில் கொழுப்பு 25 சதவீதம். கிரீம் நுரைத்துக் கெட்டியாக நிற்க 30 சதவீதமாவது வேண்டும். வெளிநாட்டு வீடியோவில் அது மலைமலையாக எழும்பும். நீங்கள் மே மாத மத்தியானம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, கை ஓயும் வரை அடியுங்கள். எழும்பாது. மறுபடியும் அடியுங்கள்.

கெட்டியாகவே இல்லையே என்று கடைசியில் பயம் வரும். அப்போது சோளமாவைப் பச்சையாக ஒரு கரண்டி தூவிக் கலக்குங்கள். வேகாத சோளமாவு எதையும் கெட்டியாக்காது. வாயில் சுண்ணாம்பு அடித்த உணர்வை மட்டும் தரும்.

4. புதுமை செய்யுங்கள்.

மாம்பழம் மட்டும் போட்டால் பக்கத்து வீட்டு ஐஸுக்கும் நம்முடையதற்கும் என்ன வித்தியாசம்? பச்சை அன்னாசித் துண்டுகளைப் பாலோடு சேர்த்து அரையுங்கள். அன்னாசியில் இருக்கும் புரோமலைன் என்ற நொதி பாலின் புரதத்தை வெட்டி வெட்டி, கொஞ்ச நேரத்தில் கசப்பாக்கிவிடும். அன்னாசியை வேகவைத்தால் நொதி செத்துப்போகும். எனவே வேகவைக்காதீர்கள். அதற்கும் மேலே ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தால் பால் திரியும். பனீர் ஐஸ் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

5. மிக்ஸி ஜாரை முகர்ந்து பார்க்காதீர்கள்.

காலையில் பூண்டுச் சட்னி அரைத்த ஜார்தான். அலசியாயிற்று அல்லவா?

6. அச்சில் விளிம்பு வரை ஊற்றுங்கள்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். விளிம்பில் ஒரு விரற்கடை இடம் விட்டால் அதற்குள் அடங்கிவிடும். விடாவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, ஃப்ரீசர் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கத்தியால் பெயர்க்கப் போய் ஃப்ரிட்ஜையே ஓட்டை போட்டவர்கள் உண்டு.

வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களைத் தொடாதீர்கள். உலோகம் குளிரைச் சீக்கிரம் கடத்தி ஐஸை வேகமாக உறையவைக்கும், கழற்றுவதும் சுலபம். தடித்த பிளாஸ்டிக் அச்சாகப் பார்த்து ஆன்லைனில் வாங்குங்கள். குச்சியை ஊற்றிய கையோடு செருகிவிடுங்கள். பாதி உறைந்தபின் செருகினால் அது நேராக நிற்கும். இப்போதே செருகினால்தான் அழகாகச் சாய்ந்து ஓரத்தில் படுக்கும்.

7. ஃப்ரீசரை நிரப்புங்கள்.

மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும். ஆகவே எல்லா அச்சுகளையும் ஒரே நேரத்தில், கலவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே தள்ளுங்கள். மீன் பொட்டலத்துக்கும் உரித்த பட்டாணிக்கும் நடுவில் இடம் இருக்கும். மூடி போடாதீர்கள். பாலின் கொழுப்பு பக்கத்து வாசனையை ஆசையாக இழுத்துக்கொள்ளும். நீங்கள் கொழுப்பு சேர்க்காததால் அந்தப் பொறுப்பைத் தண்ணீர் முடிந்த வரை ஏற்கும்.

பானைக் குல்ஃபிக்காரர்கள் ஐஸ்கட்டியில் கல்லுப்பைக் கொட்டி, அதற்குள் அச்சைப் புதைப்பார்கள். உப்பு கலந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக்கூடியது. கரண்ட் இல்லாத காலத்துக்காரர்கள் கண்ட வழி. உங்களிடம்தான் கரண்ட் இருக்கிறதே.

8. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

சென்னை ஐஸ் ஹவுஸ் 1842-இல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து அங்கே அடுக்கினார்கள். வழியில் உருகியது போக விற்கும் அளவுக்கு மிச்சமும் இருந்தது. காரணம் எளிது: நடுக்கடலில் யாரும் "ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டுக் கதவைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் கேட்பார்கள். திறந்து காட்டுங்கள், விரலால் அழுத்தியும் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக உருகி மறுபடி உறையும் ஒவ்வொரு முறையும் சிறிய படிகங்கள் கரைந்து, பெரியவற்றோடு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் ஒரு மின்வெட்டு வந்தால் உங்கள் பங்குக்கு மின்வாரியமும் உதவியதாகக் கணக்கு.

9. பிடுங்குங்கள்.

சாதாரணத் தண்ணீரில் சில விநாடி அச்சை முக்கினால் ஐஸ் தானாக வழுக்கி வரும். அவ்வளவு பொறுமை எதற்கு? குச்சியைப் பிடித்து ஒரே இழுப்பு. 1905-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன், சோடா கலந்த கோப்பையைக் கலக்கிய குச்சியோடு ராத்திரி வெளியே விட்டுவிட்டான், காலையில் குச்சி ஐஸ் பிறந்திருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். வளர்ந்தபின் 1924-இல் அவர் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். குச்சியையும் ஐஸையும் சேர்த்தது அவர் சாதனை. பிரித்தது உங்களுடையது.

குச்சி மட்டும் கையோடு வந்ததும் அச்சைக் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். வெளிப்பக்கம் கூழாகும், நடுவில் கட்டி நிற்கும். அதைக் கிண்ணத்தில் கொட்டி ஸ்பூனோடு கொடுங்கள்.

10. பக்கத்திலேயே நின்று முகத்தைப் பாருங்கள்.

முதல் இரண்டு உறிஞ்சலில் நிறமும் இனிப்பும் வந்துவிடும். பிறகு வெறும் வெள்ளைக் கட்டி. மெதுவாக உறையும் தண்ணீர் சர்க்கரையையும் சாற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தான் மட்டும் படிகமாகும். ஒதுங்கியது முதலில் வாய்க்கு வந்துவிடுகிறது. இவ்வளவு விளக்க வேண்டாம். "டபுள் லேயர்" என்று சொல்லுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். வீட்டுக்காரர் "ஜில்லுன்னு இருக்கு" என்பார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஸ்டேட்டஸ் போடுங்கள்.

மிச்சம் நிறைய இருக்கும். நாத்தனார் வீட்டுக்கு அனுப்புங்கள். போகிற வழியில் உருகினால் மில்க் ஷேக் என்று போன் செய்து சொல்லிவிடலாம். ராத்திரி குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வரும். அதற்குள் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிடுங்கள்.