வாரி வழங்கும் வள்ளலே!

விளக்கொளியில் தோலைப் பொன்னிறமாக்கும் டானிங் படுக்கையே, கொடையில் உனக்கு நிகர் யாருமில்லை. சூரியன் கணக்குப் பார்த்துக் கொடுப்பவன். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், மழைநாளில் அதுவும் குறைவு. நீயோ நண்பகல் வெயிலைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு ஏ வகைப் புற ஊதாக் கதிரைச் சில நிமிடங்களில் கொட்டித் தருகிறாய். சற்று வெயில் பட்டாலே சிவந்து எரியும் வெளிறிய தோலுக்கும் அதே தாராளம். ஆள் பார்த்து அளக்காத கை உன்னுடையது.

உன் வேலையின் நுணுக்கத்தைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். தோலின் உயிரணுவுக்குள் புகுந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின் எழுத்துகளைப் பிணைத்து முடிச்சாக்குகிறாய். அந்த இழையைப் படியெடுக்க வரும் நொதி முடிச்சில் இடறித் தப்பாக எழுதிவிடலாம். எழுதிய தப்பு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அடிபட்ட உயிரணு அபயம் கேட்கிறது. மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் மெலனோசைட்டுகள் மெலனின் என்னும் நிறமியின் மணிகளைச் செய்து அனுப்ப, அவை உயிரணுக் கருவின் தலைக்குமேல் குடையாகக் கவிந்துகொள்கின்றன. தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் அவசரமாக விரித்த அந்தக் குடைக்குத்தான் நீ ‘ஆரோக்கியமான பொன்னிறம்’ என்று பெயர் சூட்டி விலை வைத்திருக்கிறாய். காயத்தை அழகென்று விற்கும் சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்!

உழைப்பிலும் நீ சளைத்தவனில்லை. விளக்கணைந்து, காசைக் கொடுத்துவிட்டு, ஆள் வீட்டுக்குப் போனபிறகும் உன் வேலை நடக்கிறது. ஏ வகைக் கதிர் பட்ட மெலனோசைட்டுக்குள் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக டி.என்.ஏ. சேதம் தொடர்வதை 2015இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். காவலுக்கு வந்த மெலனினையே உன் பக்கம் இழுத்துக்கொண்டு நடத்தும் வேலை அது.

வைட்டமின் டி தருவதாகவும் சொல்கிறாய். தோல் அதைச் செய்துகொள்வது பி வகைக் கதிரைக் கொண்டு. உன் குழல்கள் பெரும்பாலும் பொழிவதோ ஏ வகையை. இல்லாததையும் தருவதாகச் சொல்லும் பெருமனம்!

உரிய மரியாதையும் கிடைத்தது. 2009இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உன்னை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் முதல் குழுவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் வீற்றிருக்கும் வரிசை அது. 35 வயதுக்குள் உன்னிடம் வந்துபோனவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 59 சதவீதம் அதிகம் என்று 2012இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. இளையவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வழக்கமும் உனக்கு இருக்கிறது.

மெல்போர்னின் கிளேர் ஆலிவருக்கும் கொடுத்தாய். மெலனோமா உடலெங்கும் பரவியிருந்த நிலையில், எஞ்சிய வாரங்களை உன்னைப் பற்றி ஊருக்கு எச்சரிப்பதிலேயே செலவிட்டுவிட்டு, 2007இல் 26 வயதில் அந்தப் பெண் போய்விட்டாள். அவள் பேசியது வீண்போகவில்லை. 2016 பிறப்பதற்குள் ஆஸ்திரேலியாவின் ஆறு மாநிலங்களும் உன் வியாபாரத்துக்குக் கதவடைக்க முடிவெடுத்திருந்தன. பிரேசில் 2009இலேயே அடைத்துவிட்டது.

அமெரிக்காவின் கல்லூரி ஊர்களிலோ உன் வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. மாதச் சந்தா கட்டிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து படுக்கலாமாம். கொடுத்துக் கொடுத்துக் கை சிவப்பது வள்ளல்களுக்கு. உன்னிடத்திலோ சிவப்பது வாங்கியவர்களின் தோல்.