ஆயிரம் கண் போதுமா?

கே: ஈக்கு ஒரே காட்சி ஆயிரம் ஆயிரமாகத் தெரியுமாமே? சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்!

ப: சினிமாவில் மட்டும்தான். ஈயின் கண் பல சிறுகண்கள் சேர்ந்த கூட்டுக்கண். ஒவ்வொரு சிறுகண்ணும் எதிரே இருப்பதில் ஒரு புள்ளியைத்தான் பிடிக்கிறது. அத்தனை புள்ளியும் சேர்ந்தால் ஒரே படம். மின்மினியின் கண் அமைப்பு சற்று வேறு, ஆனால் அங்கும் படம் ஒன்றுதான். பல சிறுகண்கள் வாங்கும் ஒளி உள்ளே ஒரே இடத்தில் குவிகிறது. வியன்னா விஞ்ஞானி சிக்மண்ட் எக்ஸ்னர் மின்மினிக் கண்ணையே லென்ஸாக வைத்து ஜன்னலைப் படமெடுத்து, 1891-இல் புத்தகமாகப் போட்டார். அதில் ஜன்னல் ஒன்று, வெளியே தெரியும் தேவாலயமும் ஒன்று. தலைகீழாகக்கூட இல்லை, நேராகவே விழுந்திருந்தது.

கே: தட்டானுக்கு நம்மைவிடக் கூர்மையான பார்வையா?

ப: கூர்மை நமக்கு, வேகம் அதற்கு. பெரிய தட்டானின் ஒரு கண்ணில் சுமார் 28,000 சிறுகண்கள் இருந்தும், நம் கூர்மைக்கு ஈடாகாது. அதை எட்ட வேண்டுமானால் கூட்டுக்கண் குறைந்தது 1 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் தட்டான் எங்கே பறப்பது?

கே: கும்பிடுபூச்சியை எந்தப் பக்கமிருந்து படம் எடுத்தாலும் கண்ணிலுள்ள கரும்புள்ளி என்னையே முறைக்கிறதே?

ப: அது போலிக் கண்மணி. கண்ணுக்குள் எதுவும் உருளவில்லை. உங்களுக்கு நேராக நிற்கும் சிறுகண்கள் உங்கள் பக்கமிருந்து வரும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. அதனால் அந்த இடம் மட்டும் கறுப்பு. பக்கத்தில் உள்ளவை சாய்ந்திருப்பதால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, பச்சையாகவோ பழுப்பாகவோ தெரிகின்றன. நீங்கள் நகர்ந்தால் வேறு சிறுகண்கள் உங்களுக்கு நேராகும், கறுப்பும் அங்கே போகும். இரண்டு கண்ணிலும் புள்ளி விழும் கோணம் கிடைக்கும்வரை பொறுங்கள்; படத்துக்கு உயிர் வருவது அங்கேதான். இரவில் எடுத்தால் கண் முழுக்கக் கறுத்திருக்கும். நோய் என்று பயப்படாதீர்கள், இருட்டுக்கு அது அப்படித்தான் மாறும்.

கே: மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லை. வழி உண்டா?

ப: உண்டு. சில நூறு ரூபாய்க்கு ரிவர்ஸ் ரிங் வாங்கி, கையில் உள்ள லென்ஸைத் திருப்பி மாட்டுங்கள். பூச்சி அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் நெருக்கத்தில், ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட ஃபோகஸில் நிற்காது. லென்ஸைத் திருகுவதை விட்டுவிட்டு, உடம்போடு மெல்ல முன்னே பின்னே அசையுங்கள். ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாள் ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் சிறுகண்களின் அறுகோணங்கள் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

கே: ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் பூச்சி அசையாதாமே?

ப: தயவுசெய்து வேண்டாம். ஒரு படத்துக்காக ஓர் உயிரை வதைக்கக் கூடாது. விடியற்காலையில் போங்கள், உடல் சூடேறும்வரை தட்டானால் பறக்க முடியாது, பனித்துளியோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். கொன்று எடுப்பவர்களுக்கு நஷ்டமும் உண்டு. மாட்டு ஈயின் கண்ணில் பச்சையும் செம்பு நிறமும் பட்டை பட்டையாக மின்னுமே, அது சாயம் கிடையாது. சிறுகண் லென்ஸுகளில் உள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். ஈ செத்துக் காய்ந்தால் பட்டைகளும் போய்விடும்.

கே: கேமரா வராத காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

ப: லண்டன் விஞ்ஞானி ராபர்ட் ஹூக். 1665-இல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ என்ற புத்தகத்தில் ஓர் ஈயின் தலையைப் பக்கம் நிறைய வரைந்தார். சுமார் 14,000 சிறுகண்கள் என்று கணக்கும் சொன்னார்.

கே: குதிக்கும் சிலந்திக்கும் கூட்டுக்கண்தானா?

ப: இல்லை. அதன் எட்டுக் கண்ணும் தனித்தனிக் கண்கள்.

கே: படத்தைப் பார்த்தே ஈ ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா?

ப: வீட்டு ஈயானால் நெற்றியைப் பாருங்கள். இரண்டு கண்ணும் உச்சியில் நெருங்கியிருந்தால் ஆண். நடுவில் அகலமாக இடைவெளி இருந்தால் பெண். பறக்கும் பெண் ஈயைத் துரத்திப் பிடிக்க வேண்டியது ஆண்தான், அதனால் கண்ணும் அதற்கே பெரிது.