கடவுச்சொல்லின் ஆயுட்காலம்: ஆரக்கிள் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆரக்கிள் தரவுத்தளத்தில் கடவுச்சொல்லுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 180 நாள். 11ஜி பதிப்பு முதல் 'டீஃபால்ட்' ப்ரொஃபைலில் (கணக்குகளுக்கான விதித்தொகுப்பில்) வழங்கிவரும் விதி இது. அதற்கு முற்பட்ட கடவுச்சொற்கள் சிரஞ்சீவிகள். அவற்றுள் தலையாயது 'ஸ்காட்' என்னும் மாதிரிக் கணக்கின் 'டைகர்'. ஸ்காட், ஆரக்கிளின் தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்காட். டைகர், அவர் வீட்டுப் பூனை. அப்பூனையின் பெயர் உலகத்துத் தரவுத்தள நிர்வாகிகள் (டி.பி.ஏ.க்கள்) அனைவருக்கும் தெரிந்திருந்தும் அது கடவுச்சொல்லாகவே நீடித்தது.

மனிதர் சோம்பலைத் திருத்தவே கெடு வைக்கப்பட்டது என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? பிள்ளை பெயருக்குப் பின்னால் @123 போட்டவர், கெடு வந்தால் @124 போடுவார், அவ்வளவே. கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்றுக என்று 2003இல் அமெரிக்க நிஸ்ட் அமைப்புக்கு எழுதித் தந்த பில் பர் என்பவரே 2017இல் அதற்காக வருந்தினார். (வருத்தம் எந்த அலுவலகத்தின் சுற்றறிக்கையையும் எட்டியதாகத் தெரியவில்லை.)

எனில், விதியில் உண்மையில் மாட்டுவது யார்? செயலிக் கணக்கு, அதாவது மென்பொருள் ஒன்று தரவுத்தளத்துள் நுழையப் பயன்படுத்தும் கணக்கு. ஆயுள் தீர்ந்தபின் 7 நாள் கருணைக் காலம் உண்டு. அது 181ஆம் நாள் தானே தொடங்காது. கெடு கடந்தபின் யாரேனும் முதன்முதலாக உள்நுழையும்போதே தொடங்கும். அப்போது ஓ.ஆர்.ஏ.-28002 என்னும் எச்சரிக்கை வரும். மனிதர் என்றால் முணுமுணுத்தாவது படிப்பார். செயலி படிக்குமா? ஏழு நாளும் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. எட்டாம் நாள் காலை பில்லிங் கவுண்டரில் வரிசை நகராது.

டி.பி.ஏ. பதறிப்போய்ப் புதுக் கடவுச்சொல் வைப்பார். செயலியின் கன்ஃபிக் கோப்பிலோ பழையதே இருக்கும். செயலிக்காகப் பல இணைப்புகளைத் திறந்துவைக்கும் இணைப்புக் குளம் அதையே விடாமல் முட்டி, அனுமதித்த பத்துத் தவறை நொடியில் நிறைவேற்றும். கணக்கு ஒரு நாளுக்குப் பூட்டப்படும். பத்து வாய்ப்பு என்பது மனித விரல்களை எண்ணி வைத்தது போலும்.

இதற்கு மூத்த டி.பி.ஏ.க்கள் கையாளும் பரிகாரம் ஒன்றுண்டு. 'ஐடென்டிஃபைட் பை வேல்யூஸ்' என்று எழுதி, அதே கடவுச்சொல்லின் ஹாஷை (தரவுத்தளம் சேமித்திருக்கும் மறை வடிவத்தை) எடுத்து அதே கணக்குக்கு மறுபடி சூட்டுவது. கடவுச்சொல் இன்னதென்று அவருக்கே தெரியவேண்டியதில்லை. செத்தது பிழைக்கும், அதே பெயரில், இன்னும் 180 நாளுக்கு. மாற்றம் என்று பதிவாகும், மாறியது எதுவுமில்லை.

அடுத்த கட்டம், ஆயுளையே 'அன்லிமிடெட்' ஆக்கிவிடுவது. தணிக்கையாளர் அதைக் கண்டு சிவப்பு மையில் வட்டமிட்டு, 90 நாளாக்குக என்று எழுதிப் போவார். டி.பி.ஏ. ஆக்குவார். பிறகு செயலிக் கணக்குக்கு மட்டும் தனி ப்ரொஃபைல் ஒன்று திறப்பார். அதற்கு இடும் பெயரில் 'டெம்ப்' என்று இருக்கும்.