கிரீன்விச் ராகுகாலம்

மகாராஜராஜஸ்ரீ கணினிப் பிரிவு மேலதிகாரி அவர்கள் சமுகத்துக்கு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஏழாம் எண் கவுண்டரில் அமர்ந்து பொதுமக்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க விதிக்கப்பட்ட குமாஸ்தா அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்ட பகிரங்க விக்ஞாபனம்.

வெள்ளிக்கிழமைதோறும் காலை 10.30 மணி அடித்ததும், இன்னும் 60 விநாடியில் கணினி அணைந்து மறுபடி தொடங்கும் என்னும் அசரீரி எங்கள் திரைகளில் எழுவதும், பாதி தட்டச்சான மனுக்கள் பாதியிலேயே பரமபதம் அடைவதும், கால்மணி நேரம் வரிசை முழுவதும் என்னையே குற்றவாளியாகப் பார்ப்பதும் தாங்கள் அறியாததன்று. இந்த அலுவலகத்தில் காலம் தவறாமல் நடைபெறும் காரியம் இது ஒன்றே என்பதால் இதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் நின்ற பெரியவர் ஒருவரோ, "வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலமல்லவா? மனிதர்கள் மறந்ததை இயந்திரம் மறக்கவில்லை பாருங்கள்!" என்று கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இயந்திரத்துக்கு ஓய்வு எதற்கு என்று கேட்கும் மூடன் அல்லன் நான். 2004 செப்டம்பர் 14 அன்று, தென் கலிபோர்னிய வானத்தைக் கண்காணிக்கும் நிலையத்தில், 30 நாட்களுக்கு ஒருமுறை அணைத்துத் தொடங்கவேண்டிய வானொலித் தொடர்பு அமைப்பை ஒருவர் மறந்துவிட, ஏறத்தாழ ஐம்பதாம் நாள் அதன் உள்ளிருந்த கணக்கு தீர்ந்து அது தானே மௌனம் பூண்டது. அந்தரத்தில் இருந்த நூற்றுக்கணக்கான விமானங்களோடு பேச வழியில்லாமல் போயிற்று. போயிங் 787 விமானத்தைத் தொடர்ந்து 248 நாட்கள் மின்சாரம் பாய விட்டுவைத்தால் அதன் மின்னாக்கிகள் எல்லாம் ஒருங்கே கைவிரிக்கக்கூடும் என்பதால், இடையிலே அணைத்துவைக்கும்படி அமெரிக்க விமானத்துறை 2015-இல் ஆணையிட்டது. ஆகவே மறுபிறவி அவசியம் என்பதில் எனக்கு லவலேசமும் ஆட்சேபம் இல்லை. பிறக்கும் முகூர்த்தத்தைப் பற்றித்தான் என் விண்ணப்பம்.

தங்கள் பிரிவு இளைஞர் ஒருவர் ஒரு தேநீருக்கு உடன்பட்டு அந்த இரகசியத்தை எனக்குத் திறந்து காட்டினார். நம் பிரதானக் கணினியில் கிரான் என்றொரு காலக்கணிதர் குடியிருக்கிறாராம். நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து அங்கங்கள் கொண்ட அவருடைய ஏட்டைப் பஞ்சாங்கம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அதில் வெள்ளி காலை 5 மணி என்றே, ஊர் உறங்கும் வேளை பார்த்து, தாங்கள் கருணையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கணினியின் கடிகாரம் ஓடுவது கிரீன்விச் நேரப்படி. அங்கே மணி 5 ஆகும்போது இங்கே 10.30. வெள்ளைக்காரன் 1947-லேயே கப்பலேறிவிட்டான் என்ற செய்தியை அந்தக் கடிகாரத்திடம் யாரும் சொல்லவில்லை போலும்.

பரிகாரம் இரண்டு உண்டு. வியாழன் இரவு 11.30 என்று ஏட்டைத் திருத்தினால், இங்கே வெள்ளி விடியல் 5 மணிக்கு இயந்திரம் சுகமாகப் புனர்ஜன்மம் எடுக்கும். இது நிமிஷம், மணி, கிழமை என மூன்றே எண்களை அழித்து எழுதும் வேலை என்பதால், கோப்பு, குறிப்பு, குழு, ஒப்புதல் எனக் குறைந்தது ஓராண்டு பிடிக்கும் என்பதை அறிவேன். அதுவரை அலுவலக நேரத்தையே கிரீன்விச்சுக்கு மாற்றி உத்தரவிட்டால், பிற்பகல் மூன்றரைக்கு வந்து அமர்ந்து நள்ளிரவு வரை உழைக்கச் சித்தமாயிருக்கிறோம்.

முதல் பரிகாரத்தையே தாங்கள் தேர்ந்துவிட்டால் எனக்கு மட்டும் ஒரு வரி தெரிவிக்க வேண்டுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவர் வந்து கேட்டால், ராகு பகவானை வேறு இலாகாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பக்குவமாகச் சொல்லவேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்,
ஏழாம் எண் கவுண்டர்.