பிரேக் பிடித்தால்தான் கிளம்பும்

கிறிஸ்துமஸ் காலையில் கிளம்பாமல் நிற்பதற்கென்றே அமெரிக்காவில் ஒரு வண்டி இனம் உண்டு. நான்கு தடித்த டயர், மூக்கில் இரண்டு விளக்கு, உடம்பு முழுக்கச் சிவப்போ நீலமோ பிளாஸ்டிக். குழந்தைகள் குவாட் பைக் என்று பெயர். இவற்றில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அதிலும் ஜெஜியாங் மாகாணத்தில் யோங்காங் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. கதவு, ஃபிளாஸ்க், ட்ரில் மெஷின் செய்கிற அதே ஊர்தான் குவாட் பைக்கும் செய்கிறது. ஜப்பானியக் கம்பெனி வண்டியின் விலையைப் பார்த்து மயக்கம் போட்ட அப்பாக்கள் இதன் விலையைப் பார்த்ததும் தெளிந்து எழுந்துவிடுகிறார்கள்.

பெட்டியைப் பிரித்தால் வண்டி முழுசாக இருக்காது. ஹேண்டில்பார் தனி, முன் சக்கரங்கள் தனி, பம்பர் தனி, போல்ட்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில். பூட்ட வேண்டியவர் அப்பா. பூட்ட வேண்டிய நேரம் டிசம்பர் 24 ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு. எல்லாம் முடிந்து ஒரு போல்ட் மிஞ்சும். அது எங்கே போயிருக்க வேண்டியது என்று யோசிக்கிற நிலையில் அப்பா இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுக்கப் போகிறார்.

காலையில் பையன் பைஜாமா, ஹெல்மெட், கையுறை சகிதம் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறான். சத்தமே இல்லை. அப்பா அழுத்துகிறார். சத்தமே இல்லை. அம்மா காபிக் கோப்பையோடு வந்து, "சாவி போட்டிருக்கா?" என்று கேட்கிறாள். கேட்டிருக்கக் கூடாது.

"செல்ஃப் மோட்டார் போச்சு" என்கிறார் அப்பா. தீர்ப்பு ஆகிவிட்டது.

செல்ஃப் எடுக்காத எந்த வண்டியிலும் முதலில் மாட்டுவது மோட்டார்தான். அதன் அமைப்பு அப்படி. இஞ்சினுக்கு மேலேயோ கீழேயோ பளிச்சென்று தெரிகிற இடத்தில் இருக்கிறது. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். புதுசு இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கிறது. இவ்வளவு வசதியான குற்றவாளியை யார் விடுவார்கள்? ஆர்டர் போட்டு, வரவழைத்து, மாட்டினால், புது மோட்டாரும் பழையதைப் போலவே மௌனம் சாதிக்கிறது. இப்போது வீட்டில் நல்ல மோட்டார் இரண்டு.

உண்மையில் அந்த மோட்டார் ஒரு பாவப்பட்ட ஜென்மம். கரண்ட் கொடுத்தால் சுற்றும், கொடுக்காவிட்டால் சும்மா இருக்கும். அதற்கு வேறெதுவும் தெரியாது. கரண்ட் அங்கே போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. பேட்டரியில் புறப்பட்டால் பியூஸ், சாவி ஸ்விட்ச், பிரேக் பிடியின் அடியில் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ஸ்விட்ச், ஸ்டார்ட் பொத்தான் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி ரிலேவை எழுப்ப வேண்டும். ரிலே எழுந்து "டிக்" என்றால்தான் மோட்டாருக்குத் தடித்த கம்பி வழியாக நிஜமான கரண்ட் போகும். தாலுகா ஆபீஸில் கோப்பு நகர்கிற மாதிரி: வழியிலிருக்கிற ஒவ்வொரு மேஜைக்கும் மறுக்கிற அதிகாரம் மட்டும் உண்டு.

இந்த மேஜைகள் வீம்புக்குப் போட்டவை அல்ல. குவாட் வண்டிகளுக்கான பாதுகாப்பு விதிகளை அமெரிக்காவில் அவற்றை விற்ற கம்பெனிகள் முதலில் தாங்களாகவே வகுத்துக்கொண்டு கடைப்பிடித்தன. 2008ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் கட்டாயமாக்கியது, இறக்குமதி வண்டிக்கும் சேர்த்து. ஆறு வயதுப் பிள்ளைக்கான வண்டி மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக் கூடாது. அதிலும் வேகத்தை 10 மைலுக்குள் அடக்கி வைக்க அப்பாவுக்கு ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வண்டி பாய்ந்துவிடாதபடி, பிரேக்கைப் பிடித்தால்தான் பொத்தான் வேலை செய்யும். எல்லாம் நியாயமான விதிகள்தான். நியாயத்தை நிறைவேற்ற வைத்த ஸ்விட்ச்தான் சில சென்ட் பெறுமானம்.

விஷயத்தைப் போட்டு உடைப்பவர் பெரும்பாலும் தாத்தா.

"பிரேக்கைப் பிடிச்சியா?"

"கிளம்பறதுக்கு எதுக்கு பிரேக்?"

தாத்தா பதில் சொல்வதில்லை. இடது கைப்பிடியில் உள்ள பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்க்கிறார். பல வண்டிகளில் பின்விளக்கும் செல்ஃப் பொத்தானும் அந்த ஒரே ஸ்விட்சிலிருந்துதான் கரண்ட் வாங்குகின்றன. பிரேக் பிடித்தால் சிவப்பு விளக்கு எரிகிறதா? ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. எரியவில்லையா? லீவருக்கு அடியில் ஒரு கடுகளவு முனை உள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு நாலு தடவை தட்டினால் வெளியே வரும். மல்டிமீட்டர் இல்லை, மெக்கானிக் இல்லை, செலவும் இல்லை. அதனாலேயே யாரும் இதை முதலில் செய்வதில்லை.

இஞ்சினைப் பார்த்ததும் தாத்தாவுக்கு ஒரு சந்தோஷம். அவர் வாலிபத்தில் ஓட்டிய ஹோண்டாவின் பேரன் அது. 1958ல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் என்ற சின்ன வண்டி உலகத்திலேயே அதிகம் விற்ற மோட்டார் வாகனம். 2017ல் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. சிலிண்டர் படுத்த மாதிரி இருக்கும் அந்த இஞ்சின் வம்சம்தான் 1970ல் ஹோண்டா விற்ற, குவாட்டுக்கு அண்ணனான முதல் மூன்று சக்கர ஏடிவியிலும் இருந்தது. சீனத் தொழிற்சாலைகள் அதே குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. குழந்தைகள் குவாட்டில் உள்ள '110 சிசி' இஞ்சின் மேல் 152எஃப்எம்எச் என்று பொறித்திருக்கும். 1 என்றால் ஒரு சிலிண்டர். 52 என்றால் அதன் விட்டம், மில்லிமீட்டரில். 52.4 மி.மீ. விட்டம், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக். பெருக்கிப் பார்த்தால் 107 சிசிகூட வராது. மீதி மூன்று சிசி விளம்பரத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஸ்பிளெண்டர் பிரித்துப் பழகிய மெக்கானிக் இதைத் திறந்தால் திகைக்க மாட்டார். ஸ்பிளெண்டரின் 97.2 சிசி இஞ்சினும் இந்தக் குடும்பம்தான். விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக் அதே 49.5. சொந்தக்காரன் முகஜாடை தெரியாமலா போகும்?

எலும்பு ஹோண்டா, நரம்புதான் மட்டம் என்பது இந்த வண்டிகளைப் பற்றிய சரியான சுருக்கம். இஞ்சின் வருஷக்கணக்கில் உழைக்கும். அதைச் சுற்றியுள்ள கனெக்டர், ஸ்விட்ச், ரிலே, ஒயர் எல்லாம் ஒரு மழைக்காலத்துக்குத்தான் உத்தரவாதம். ஒயரின் நிறங்கள்கூட ஹோண்டா வழக்கம்தான்: பச்சை எர்த், கறுப்பு சாவி போட்டதும் கரண்ட் வருகிற ஒயர். கார் வேலை தெரிந்த அமெரிக்க அப்பாவுக்கோ கறுப்பு என்றால் எர்த். தன் அனுபவத்தை நம்பிக் கறுப்பு ஒயரை சேஸிஸில் தொடுகிறார். பியூஸ் போகிறது. அனுபவமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்.

அந்த எர்த்தைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் சேஸிஸுக்குக் கனமாகப் பெயிண்ட் அடித்து, பெயிண்ட் மேலேயே பச்சை ஒயரை வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. போல்ட்டின் மரையில் எங்கோ ஒரு ஓரம் உலோகம் உலோகத்தைத் தொட்டு, அதன் தயவில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். துரு பிடித்தால் அந்தத் தயவும் போச்சு. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ரிலே "டிக்" என்னும், மோட்டார் மட்டும் அசையாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஜம்பர் கேபிள் ஒன்றை நேரே இஞ்சின் உடம்பில் வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே சுற்றினால் எர்த்தில்தான் குறை. போல்ட்டைக் கழற்றி, அடியில் வெள்ளையாக இரும்பு தெரிகிறவரை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கினால் தீர்ந்தது.

ரிலேயைச் சோதிக்க ஒரு நாட்டு வைத்தியமும் உண்டு. அதன் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துத் தொடுவது. நெருப்புப்பொறி பறக்கும், மோட்டார் நல்லதென்றால் சுற்றும், அப்படியானால் ரிலேயோ அதற்கு முன்னால் உள்ள ஸ்விட்சுகளோதான் பழுது. செய்வதானால் வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், பின்சக்கரம் தரையில் படக் கூடாது, பெட்ரோல் வாசனை அடிக்கக் கூடாது, மனைவி பக்கத்தில் இருக்கக் கூடாது.

"டிக்" ஒன்றோடு நிற்காமல் "டிக்டிக்டிக்டிக்" என்று அடித்தால் பேட்டரி. இதில் பெரிய மர்மம் இல்லை. 12 வோல்ட், 3 அல்லது 4 ஆம்பியர்-மணி. கார் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். பொத்தானை அழுத்தும்போது பத்துக்குக் கீழே ரொம்ப இறங்கினால் அது பேட்டரி இல்லை, பேட்டரியின் படம். சீனாவிலிருந்து கப்பலில், கோடவுனில், லாரியில் காத்துக் கிடந்து வந்ததை முதலில் மெதுவாக, ஓர் ஆம்பியருக்கு மேல் போகாமல் சார்ஜ் போட வேண்டும். டிசம்பர் 24 ராத்திரி யாருக்கு அந்தப் பொறுமை? போதாக்குறைக்குப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டுவதைவிட செல்ஃப் அடிப்பதில்தான் குஷி. ஒரு சுற்று போவது, நிறுத்துவது, மறுபடி செல்ஃப். செலவழித்த கரண்டைத் திருப்பிச் சேர்க்க அந்தச் சின்ன இஞ்சினுக்கு நேரமே கொடுப்பதில்லை.

அப்புறம் ரிமோட். பல வண்டிகளோடு சாவிக்கொத்தில் ஒரு குட்டி ரிமோட் வரும். பிள்ளை ரோட்டுப் பக்கம் போனால் அப்பா தூரத்திலிருந்தே பொத்தானை அழுத்தி இஞ்சினை அணைத்துவிடலாம். அருமையான யோசனை. அப்பா அதைப் பத்திரமாக ஜீன்ஸ் பையில் வைத்திருக்கிறார். இஞ்சின் ஓடுகிறது. சத்தம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று குனிகிறார். தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் பொத்தான் அமுங்குகிறது. வண்டி நின்றுவிடுகிறது. நிமிர்கிறார், பையன் செல்ஃப் அடிக்கிறான், ஓடுகிறது. குனிகிறார், நிற்கிறது. "நீங்க பார்த்தாலே நின்னுடுதுப்பா" என்கிறான் பையன். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் அதே கதை. ரிமோட்டை ஜன்னலில் வைத்துவிட்டுக் குனிந்த அன்றைக்குத்தான் இஞ்சின் நிற்காமல் ஓடியது. காரணம் கார்பரேட்டர் என்றே அந்த வீட்டில் இன்றும் நம்பப்படுகிறது.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது வேறு வியாதி. செல்ஃபுக்கு அதில் சம்பந்தமில்லை. பெட்ரோல் டேப் மூடியிருக்கிறதா, வண்டியின் பின்னால் சிவப்புக் கயிற்றோடு தொங்கும் கில் ஸ்விட்ச் மூடியைத் தம்பி பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டானா என்று பார்க்க வேண்டும். இஞ்சினை அணைக்கும் கறுப்பு-வெள்ளை ஒயர் எங்காவது உரசி எர்த் ஆகியிருந்தாலும் ப்ளக்கில் பொறி வராது. பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டியில் அந்த ஒரு ஒயரை மட்டும் கழற்றிப் பார்த்துப் பொறி வந்தால் பழுது ஸ்விட்சிலோ அந்த ஒயரிலோதான். பார்த்துவிட்டு மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த பிரச்சினை, வண்டியை நிறுத்துவது எப்படி என்பதாக இருக்கும்.

மோட்டார் "விர்ர்" என்று சுற்றி, இஞ்சின் கல்லாக இருந்தால் மட்டும் வேலை கொஞ்சம் பெரிசு. இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மேக்னட்டுக்குப் பின்னால் ஒருவழி கிளட்ச் ஒன்று உண்டு: மூன்று உருளை, மூன்று ஸ்பிரிங். உருளை தேய்ந்தாலோ, பின்னால் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்தாலோ மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றும். மேக்னட்டைக் கழற்ற மேக்னட் புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் தட்டினதோடு சரி. கழற்றிய நிமிஷம் ஸ்பிரிங் துள்ளி, உருளைகள் கராஜின் ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ச் சேரும். பழைய துணியைக் கீழே விரித்துக்கொண்டு ஆரம்பிப்பவர் விஷயம் தெரிந்தவர்.

49 சிசி டூ ஸ்ட்ரோக் குட்டி வண்டிகளில் கயிறு இழுப்பதுதான் செல்ஃப். உள்ளே கொக்கி பிளாஸ்டிக். ஒரு நாள் கயிறு மட்டும் கையோடு வரும். அலுமினியத்தில் மாற்று கிடைக்கிறது, மாட்டினால் சரி.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பதினாறு வயதுக்குக் கீழே யாருமே குவாட் வண்டி ஓட்டக் கூடாது என்று பல வருஷமாகச் சொல்லிவருகிறது. அவர்கள் பேச்சைத் தட்டாமல் கேட்கிற குவாட் ஒன்று உண்டென்றால் அது செல்ஃப் எடுக்காத குவாட்தான்.

கடைசியில் பொறுமை இழந்த அப்பா அதைப் பாதி விலைக்கு விற்க விளம்பரம் போடுகிறார்: "நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். புது செல்ஃப் மோட்டார் போட்டது. உபரி மோட்டார் இலவசம்." பிக்அப் வண்டியில் ஒரு பெரியவர் வந்து இறங்குகிறார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வருகிறார். இடது பிரேக்கை லேசாகப் பிடித்து, பின்விளக்கு எரியாததைப் பார்க்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"செல்ஃபே எடுக்கலைன்னா இஞ்சின் என்ன கதியில இருக்கோ" என்று பெருமூச்சு விட்டு, கேட்ட விலையில் இன்னும் ஐம்பது டாலர் குறைக்கச் சொல்கிறார். அப்பா இருபதுக்கு இறங்குகிறார். முப்பத்தைந்தில் முடிகிறது. ஏற்றும்போது, அந்த இலவச மோட்டாரை எடுத்துவைக்க மறந்துவிடவேண்டாம் என்று பெரியவரே ஞாபகப்படுத்துகிறார்.